அடுப்பு பற்றாத நாளில் காபி

அன்று பூந்தமல்லி வீட்டில் இருந்தவர்கள்: நான், அம்மா, தங்கை, அவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, அவருடைய தாயார்.

யுத்த காலம், மண்ணெண்ணெய் கிடையாது. அடைமழையில் விறகு நனைந்துவிடுமோ என்று பயந்து, முந்தின நாளே காபிப்பொடியைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். அம்மா சிரித்தாள்.

பயந்தபடியே அடுப்பு பற்றவில்லை. ஊறியதை மல் துணியில் இருமுறை வடிகட்டி, வெல்லம் கரைத்து, வந்தவர்களிடம் நீட்டினேன்.

மாப்பிள்ளையின் தாயார் ஒரு வாய் குடித்தார். "இன்னாம்மா, ஜில்லுனு கீது? உங்க ஊட்டுல அடுப்பே எரியாதா?"

சம்பந்தம் போயிற்று என்று நினைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன்.

மிச்சத்தையும் குடித்துவிட்டு மகனிடம் திரும்பினார். "அடுப்பில்லாமயே காபி போட்ற ஊடுடா. இங்க பொண்ணு எடுத்தா நீ பட்டினி கெடக்கமாட்டே."

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறேன் என்று இன்றும் வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். தங்கையின் கல்யாணம் அந்தப் பயத்தால் முடிவானது.