கிழிந்த ஜீன்ஸும் கூரம் பரசுராமனும்

நான் கந்தசஷ்டி விரதம் பிடித்த முதல் வருஷம், நாலாம் நாள் மத்தியானம், கடையில் நின்றபடியே எனக்குக் கண் இருட்டியது. ஆறு நாளும் பாலும் பழமும்தான் ஆகாரம். காந்தி ரோட்டில் நாங்கள் வேலை பார்த்த துணிக்கடையில் விற்கிறவர்கள் உட்காரக் கூடாது, அது முதலாளி போட்ட சட்டம். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்தாலும் முகூர்த்தக் கூட்டம் ஓயவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், என் கவுண்டருக்குப் பின்னால் பிரிக்காத துணிப் பண்டல் ஒன்று கிடந்தது. முட்டி உயரம் இருக்கும். முதலில் சாய்ந்தேன், அப்புறம் உட்கார்ந்தேன். சூரசம்ஹாரம் முடியும் வரை அதை யாரும் பிரிக்கவில்லை. குமரகோட்டத்து முருகனே போட்டுக் கொடுத்த ஆசனம் என்று நம்பினேன்.

இரண்டு வருஷம் கழித்து, கூட வேலை பார்த்த சிட்டிபாபு பேச்சுவாக்கில் சொன்னான். "அந்தப் பண்டல பரசுதான் இஸ்துகினு வந்து போட்டாரு. ஏன் பிரிக்கலைன்னு முதலாளி கேட்டா, 'கலர் மாறி வந்திருக்குது, திருப்பி அனுப்பணும்'னு மூணு நாளும் சொல்லிக்கினு இருந்தாரு."

கேட்டதும் எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும், கலங்கவில்லை. முருகன் கொடுத்தது என்று வைத்திருந்த ஒன்றிலும் இந்த ஆள் வந்து நிற்கிறாரே என்றுதான் இருந்தது. எனக்கு அந்தப் புத்தி அப்போதே உண்டு. மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

பரசுராமன் கூரத்துக்காரர். ஏர் பிடித்த வீடு. பத்தாவது வரை படித்தவர். தினமும் காலையில் சைக்கிள் மிதித்து வருவார், வேர்வை அடங்கும் வரை வெளியே நின்றுவிட்டுத்தான் துணியைத் தொடுவார். நான் அஞ்சாம் வகுப்பு. தறி ஓடிய வீட்டில் பிறந்தவன். நூலைப் பற்றி அவர் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் கடைக்குள் வருகிற ஜனங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரசண்ணன் இல்லியா?" என்பார்கள். இருக்கிறார் என்று கை காட்டுவேன். இருபத்திரண்டு வருஷம் அப்படிக் கை காட்டியிருக்கிறேன்.

இத்தனைக்கும் அவர் வியாபாரம் பண்ணின அழகு இது: "இது வேணாம்மா. மூணு தரத்துக்கு மேல தொவைச்சா தாங்காது. அந்தக் கட்டம் போட்டத எடு, உங்க வீட்டுக்காரர் கருப்பா இருந்தாலும் எடுப்பா இருக்கும்." பக்கத்தில் நிற்கிற வீட்டுக்காரரே சிரித்துவிடுவார். நான் அதையே சொன்னால் சண்டைக்கு வந்திருப்பார்கள். முதலாளி அவரைத் திட்டாத வாரம் இல்லை, விட்டுவிடவும் இல்லை.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஆவணியில் என் பெண் பிரியதர்ஷினிக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஆனந்தராஜுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஐப்பசியில் தலை தீபாவளி. மாமனார் எடுத்துக் கொடுக்கிற துணியைத்தான் மாப்பிள்ளை உடுத்த வேண்டும், சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்கும் அதோடுதான் போக வேண்டும். என்ன எடுத்தார்கள் என்று அங்கே பத்துப் பேர் பார்ப்பார்கள். துணிக்கடைக்காரன் வீட்டுத் துணி என்றால் கேட்கவே வேண்டாம்.

பெண் போன் பண்ணினாள்.

"அவருக்கு வேட்டி சட்டையெல்லாம் வேணாம்ப்பா. டிசைனர் ஜீன்ஸ் ஒண்ணு ஆசைப்படறாரு. முட்டிகிட்ட கிழிச்சு விட்டிருப்பாங்களே, அது."

"கிழிஞ்சதா?"

"ஃபேஷன்ப்பா. உனக்குத் தெரியாது. பரசு மாமாவைப் பாத்து எடுத்துத் தரச் சொல்லு."

"நானும் துணிதான் பாப்பா விக்கறேன்."

"தெரியும்ப்பா. இருந்தாலும் மாமாவையே கேளு."

அந்த 'இருந்தாலும்' அன்று ராத்திரி சாப்பாட்டில் கல் மாதிரி கடிபட்டது.

எங்கள் கடையிலும் அந்த வருஷம் முதலாளி சென்னையிலிருந்து ஒரு டஜன் அப்படிப்பட்ட ஜீன்ஸ் வரவழைத்திருந்தார். விலை ஆயிரத்து எண்ணூற்றைம்பது. நல்ல ஜீன்ஸ் நானூறுக்கு விற்ற காலம். சிட்டிபாபு ஒன்றைத் தூக்கிக் காட்டி, "எலி கடிச்சா பாதி வெலைக்குத் தள்றோம். மனுசன் கடிச்சா டபுள் ரேட்டா முதலாளி?" என்றான். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விலைக்குப் பட்டுக்கரை வேட்டியும் சட்டையும் வாங்கி, ஸ்வீட்டும் வாங்கலாம். தீபாவளித் துணியை ஓரத்தில் மஞ்சள் தடவி சாமி முன்னால் வைத்துத்தான் கொடுப்போம். "கிழிசல சாமி முன்னாடி எப்பிடி வைக்கறது? அப்பன் முருகன் சிரிக்க மாட்டாரா?" என்றாள் என் சம்சாரம் மங்கையர்க்கரசி. வாங்குவதா வேண்டாமா என்று மூன்று நாள் கோயிலைச் சுற்றும்போதெல்லாம் யோசித்தேன். மாப்பிள்ளை வாய் திறந்து கேட்ட முதல் பொருள். வாங்காமல் இருக்க முடியாது. பரசுராமனைக் கேட்கவும் முடியாது.

அவர் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, பன்னிரண்டையும் புரட்டினேன். முக்கால்வாசியில் முட்டி முழுக்கப் பிய்ந்து, வெள்ளை வெள்ளையாக நூல் தொங்கியது. பார்க்கவே பாவமாக இருந்தது. ஒன்றில் மட்டும் நாலணா அகலத்துக்குச் சுத்தமாக, சின்னதாக ஓட்டை. இதுதான் இருப்பதிலேயே மரியாதையான கிழிசல் என்று எடுத்து, பில் போட்டுப் பையில் வைத்துக் கவுண்டருக்கு அடியில் தள்ளினேன்.

மறுநாள் ஒரு காலேஜ் பையன் என் கவுண்டருக்கு வந்து அதே ஜீன்ஸ் கேட்டான். எடுத்துப் போட்டேன். அவன் என் தலைக்கு மேலாக, "அண்ணே, இது வொர்த்தா?" என்று பரசுராமனைக் கேட்டான். அவர் வந்து ஒரு காலுக்குள் கையை விட்டு, கிழிசலுக்குப் பின்னால் விரலை விரித்துக் காட்டினார்.

"பாருபா, நெடுக்க ஓடற நீலம் பாவு, குறுக்க ஓடற வெள்ளை ஊடை. பாவை மட்டும் பிளேடால எடுத்துட்டு ஊடையை உட்டு வச்சிருக்கான். உள்ள ஓரத்துல தையலும் ஓட்டியிருக்கான். ஒருத்தன் உக்காந்து செஞ்ச வேலை. இது வாய் பெருசாவாது, காசு தகும். இந்தக் கட்டுலயே ஒண்ணு ரெண்டு, பாவையும் ஊடையையும் சேத்து வெட்டினது கலந்து வந்திருக்குது. பாக்க சின்னதா அழகா இருக்கும். குந்தினா போச்சு."

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. குரல் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

பாவும் ஊடையும்! தறி வீட்டுப் பிள்ளை பார்த்திருக்க வேண்டியதை ஏர் வீட்டுப் பிள்ளை பார்த்துவிட்டார். பையைத் திறந்து பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, என்னுடையது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தடி நடந்து போய், "பரசு, இத்த மாத்திக் குடுபா" என்றால் முடிந்தது. நான் நடக்கவில்லை. ராத்திரி கடை சாத்தி வீட்டுக்குப் போகிற வழியில், "முருகா, அவர் சொன்னது பொய்யாகட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். வாழ்நாளில் நான் செய்த பிரார்த்தனைகளில் அது ஒன்றுதான் வெட்கப்பட வேண்டியது.

தீபாவளி விடிந்தது. மாப்பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் வைத்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு வந்தார். ராஜா மாதிரிதான் இருந்தார். ஓட்டையின் வழியே முட்டி எட்டிப் பார்த்ததைக் கூட நான் மன்னித்துவிட்டேன். "ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா" என்று இருவரும் காலில் விழக் குனிந்தார்கள். அவர் முட்டி போட்டதும் டர்ரென்று ஒரு சத்தம். தெருவில் வெடித்த சரவெடியையும் மீறி வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. முட்டியிலிருந்து பக்கத்துத் தையல் வரை வாயைப் பிளந்துவிட்டது.

"பரவால்ல மாமா, இதுவும் ஃபேஷன்தான்" என்றார் அந்த நல்ல பிள்ளை. தொடை தெரிய எப்படி வெளியே போவது? எதற்கும் இருக்கட்டும் என்று மங்கையர்க்கரசி வாங்கி வைத்திருந்த சாதா வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் சம்பந்தி வீட்டுக்குப் போனார். என் பெண் என்னைத் திட்டவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது மெல்ல, "மாமாவைக் கேக்கச் சொன்னேனேப்பா" என்றாள்.

கடை திறந்த அன்று பரசுராமன் கேட்டார். "மாப்பிள்ளைக்குப் புடிச்சுதா வீரா?"

"ரொம்ப. கழட்டவே இல்லை" என்றேன்.

"நல்லதுபா" என்று துணியை மடிக்கப் போய்விட்டார்.

அந்தப் பொய்யோடு ஆறு மாசம் அவர் பக்கத்திலேயே நின்றேன். அவருக்கு எப்போதும் போல ஜனங்கள் வந்தார்கள், நான் எப்போதும் போலக் கை காட்டினேன்.

அடுத்த வைகாசியில், வரதர் கருட சேவை முடிந்த மறுநாள், அவர் ஓசூரில் இருக்கிற மகன் வீட்டோடு போய்விடுவதாகக் கிளம்பினார். அங்கேதான் இரண்டு வருஷத்தில் காலமானார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அன்று காலை சன்னிதியில் நிற்கும்போதே சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணியிருந்தேன். ஆனால் பை வைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கி, டிரைவர் ஏறின பிறகுதான் வாய் வந்தது.

"பரசு, அந்த ஜீன்ஸு அன்னிக்கே கிழிஞ்சிடுச்சுபா. நீ சொன்னதக் காதால கேட்டுக்கினும் மாத்தாம குடுத்தேன். உங்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும். அன்னிக்கு மத்தியானமே பாப்பா போன் பண்ணிடுச்சு."

அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் ஒரு வரி சொன்னவள், அவரிடம் போன் போட்டுப் பேசியிருக்கிறாள். பஸ் நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார்.

"நேத்து கருட சேவையில மாப்பிள்ளையைப் பாத்தேன் வீரா, தொப்பை விழுந்திருக்குது. வர தீபாவளிக்கு இடுப்பு முப்பத்தி நாலு எடு. யாரையும் கேக்காத, நீயே எடு."