குளம் பற்றி நான் எழுதாத சொற்கள்

அச்சுத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த ஏழெட்டு வரிகளைப் பதிப்பாளர் பாய் இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய எதையும் அவர் இரண்டாம் முறை படித்ததில்லை.

பேகம்பூரில் ஒரு மாடியறையில் இருந்தது அவருடைய பதிப்பகம். பள்ளிப் பிள்ளைகளுக்கான கட்டுரைப் புத்தகங்கள் போடுவார். நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியர். மாலையில் அங்கே போய் எழுதிக் கொடுப்பேன். பிழை திருத்த ஓர் அம்மா இருந்தார். பழனியை ஒட்டிய தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர், பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். மகன் திண்டுக்கல்லில் வேலை பார்த்ததால் இங்கே வந்து தங்கியிருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்கு மிக அருகே பிடித்துப் படிப்பார். ஒற்றுப் பிழை அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை.

அந்த வருடம் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் வருணனைச் சொற்கள் தனியாகத் தர வேண்டும் என்று முடிவானது. குளத்துக்கு நான் எழுதியிருந்தேன்: பளிங்கு நீர், செந்தாமரை, துள்ளும் கயல், நீந்தும் அன்னம். அரைமணி நேர வேலை. பிழை திருத்திய அந்த அம்மா என் சொற்களைத் தொடவில்லை. ஓரத்தில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தார்: பால் ஆடைபோலத் தூசி படிந்த தண்ணீர். கொக்கு நின்றால் முழங்கால் நனையாத ஆழம். எருமை எழுந்து போனதும் மெல்ல நிரம்பும் பள்ளம். ஓடு ஓடாக வெடித்த சேறு. காலையில் கருத்து, உச்சியில் வெளுத்து, சாயங்காலம் செம்பாகும் நீர்.

பாய் தாளைக் கீழே வைத்தார். “சார், நம்ம திண்டுக்கல்லு பக்கம் எந்தக் கொளத்துல அன்னம் நீந்துது? அந்தம்மா எழுதினதையே போட்டுருங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் காது மடல் சுட்டது. முதுகலைப் பட்டம் வாங்கியவன், இருபது வருடம் பாடம் நடத்தியவன். நான் பிறந்து வளர்ந்தது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற நகரத் தெருவில்; குளத்தைப் பேருந்து சன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அதை அந்தத் தாள் எல்லோருக்கும் சொல்லிவிட்டதுபோல இருந்தது. அன்றிலிருந்து அவர் எதையாவது எழுதினாலே என் கண் தானாக அந்தத் தாளுக்குப் போனது. மழைக்கு என்ன எழுதியிருக்கிறார், சந்தைக்கு என்ன எழுதியிருக்கிறார் என்று, அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

புத்தகம் முடியும்போது அந்த அம்மா பெயரையும் சேர்த்துப் போடலாமா என்று பாய் கேட்டார். பட்டம் இல்லாதவர் பெயரைப் பார்த்தால் பள்ளிகளில் வாங்கத் தயங்குவார்கள் என்று சொன்னேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. பாய் சரியென்றார். முகப்புப் பக்கத்தின் மெய்ப்பு, பிழை திருத்த வழக்கம்போல அந்த அம்மாவிடம்தான் போனது. என் பெயர் மட்டும் இருந்த தாள். என் தலைப்பெழுத்துத் தவறாக அச்சாகியிருந்ததை அவர் சுழித்துத் திருத்தி, என்னிடம் காட்டி, “இப்பச் சரிதானுங்களா சார்?” என்று கேட்டார். சரியென்றேன்.

புத்தகம் நன்றாகப் போனது. காந்திகிராமம் பக்கத்தில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றுக்கு என்னைப் பேச அழைத்தார்கள். கொக்கு முழங்கால் வரி எப்படித் தோன்றியது என்று ஓர் இளம் ஆசிரியை எழுந்து கேட்டார். சின்ன வயதில் எங்கள் ஊர்க் குளக்கரையில் உட்கார்ந்திருப்பேன் என்று ஆரம்பித்து, இல்லாத குளத்தைக் கரை கட்டி நிரப்பினேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலிலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அது யாருக்குப் போக வேண்டியது என்று எனக்குத் தெரியுமல்லவா.

அதற்குள் அந்த அம்மா மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார். சென்ற ஆண்டு மறுபதிப்புக்குக் கிணற்றையும் சேர்க்கச் சொன்னார் பாய். இரண்டு வாரம் உட்கார்ந்தேன். ‘ஆழமான கிணறு’ என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. அந்த அம்மாவைப் பார்க்கப் பழனிப் பேருந்தில் ஏறிவிட்டேன்.

வீட்டு வாசலில் பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது பொய்யில்லை. மோர் கொடுத்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும், குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “சொல்றேனுங்க சார். ஆனா இந்தத் தடவ எம் பேரையும் போட்டுருங்க.”

தலையைக் குனிந்துகொண்டேன். குளத்து விஷயத்தையும் பேசிச் சரிசெய்துவிடலாம் என்றேன். “அது வேண்டாமுங்க. அத்தன பிள்ளைங்க உங்க பேரோட படிச்சிருச்சுங்க. அது உங்களுதாவே இருக்கட்டும்” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விட்டுக்கொடுப்பதிலும் அவரே எனக்கு மேலே நின்றதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். “எட்டிப் பாத்தா நம்ம மூஞ்சிக்குப் பின்னால வானம் கெடக்குமுங்க” என்றார்.

திரும்பும்போது ஒட்டன்சத்திரத்தில் பேருந்து நின்றது. நோட்டைத் திறந்து படித்தேன். எல்லாம் என் கையெழுத்து. யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற நினைப்பு வராமல் இல்லை. அது இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிடுமோ என்று பயந்து, பேருந்து கிளம்பும் முன்பே பாய்க்குப் போன் போட்டேன். இரண்டு பெயர் போட வேண்டும் என்றேன்.

“போட்டுரலாம் சார். யாரு பேரு மொதல்ல?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. பாய் காத்திருந்தார். தக்காளிப் பெட்டி ஏற்றிய வண்டி ஒன்று பேருந்தை ஒட்டிக் கடந்து போனது. பிறகு அந்த அம்மா பெயரைச் சொன்னேன்.

புத்தகம் அப்படித்தான் வந்திருக்கிறது. கடையில் அந்தம்மா புத்தகம் என்று கேட்டு வாங்குகிறார்கள். கேட்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.