கவாத்துக் கத்தியும் ஹைட்ராஞ்சியாவும்

இன்று காலை பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா எறிந்த பூந்தொட்டி, அவர் கணவர் முருகேசண்ணனின் நெற்றியைப் பிளந்துவிட்டது.

அண்ணன் எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளைக் கவாத்து செய்பவர்; புதிதாகத் தழைக்கும்படி கிளைகளை வெட்டிவிடுவதுதான் வேலை. லீவு நாளிலும் கை சும்மா இருக்காது. போன தடவை ரோஜாவை ஒட்ட வெட்டினார். அது வெறிகொண்டு பூத்தது. அந்தத் தைரியத்தில் இன்று அக்காவின் ஹைட்ராஞ்சியா பூச்செடியையும் முழங்கால் உயரத்துக்குச் சீவிவிட்டார்.

"ரோஜா புதுக் கிளையில பூக்கும். இது பழைய குச்சியிலதான் பூக்கும்னு எத்தன தடவ சொன்னேன்?" என்று அக்கா கத்தினார்.

நெற்றியில் ரத்தம் வழிய அண்ணன் சொன்னார்: "தேயிலையே தழையுது. இது தழையாதா?"

அக்கா அவர் கையிலிருந்த கவாத்துக் கத்தியைப் பிடுங்கினார். "கைய நீட்டுங்க. வெட்டிப் பாக்கலாம், தழையுதான்னு!"

நான் பாய்ந்து பறித்ததில் என் உள்ளங்கை கிழிந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கும் எனக்கும் தையல். வெளியே வரும்போது, வாசலில் நீலமாகப் பூத்திருந்த ஹைட்ராஞ்சியா முன்னால் அண்ணன் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இதக் கவாத்து பண்ணாம உட்டுட்டாங்க பாருங்க."

கத்தி இப்போது என் வீட்டு அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. அக்கா, அண்ணன் இந்த இரண்டு பேரில் யாரிடம் அதைத் திருப்பிக் கொடுப்பது? யோசித்துச் சொல்லுங்கள்.