எவனோ ஒரு புத்திசாலி போட்ட பேக்கேஜ்

சர்வருக்கு ஆயுத பூஜை போடுகிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். சூளகிரிக்குப் பக்கத்தில், கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி. ஐ.டி. டிபார்ட்மென்ட் என்றால் நான் ஒருவன்தான். எனக்குக் கீழே ஆள் கிடையாது. ஆனாலும் மெயிலில் பெயருக்குக் கீழே 'ஹெட்' என்று போட்டுக்கொள்வேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள், இந்த ஹெட்டின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. நாலு மணிக்குள்

எங்கள் ஏரியா கம்பெனிகளில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியமே வேலையை நிறுத்திவிடுவார்கள். மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு மணிக்குப் பூஜை. பூஜை போட்ட மெஷினை அதற்கப்புறம் யாரும் தொடக்கூடாது. மறுநாள் லீவு. அதற்கு அடுத்த நாள் காலையில்தான் சுவிட்ச் போடுவார்கள். இந்தச் சட்டம் லேத்துக்கு மட்டுமல்ல, என் சர்வருக்கும் உண்டு.

லாரியில் போகிற பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் புரோகிராம் ஓடுவது அந்த சர்வரில்தான். அதிலிருந்த லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் பழைய பதிப்பு. சப்போர்ட் முடிந்துவிட்டது, மாற்றுங்கள் என்று ஆடிட்டில் எழுதிவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம், அதுதான் சுத்தமான வழி. ஆனால் எல்லா புரோகிராமையும் மறுபடி உட்கார வைக்க வேண்டும். இன்னொரு வழி, இருந்த இடத்திலேயே அப்கிரேடு. வீட்டில் ஆள் குடியிருக்கும்போதே அஸ்திவாரத்தை மாற்றுகிற மாதிரி. மதியம் எல்லாரும் மெஷின் துடைக்கிற மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நான் இதைத் தேர்ந்தெடுத்தேன். டேட்டாபேஸுக்கு பேக்கப் எடுத்தேன். சிஸ்டத்துக்கு எடுக்கவில்லை. அதற்கு என்ன ஆகப்போகிறது?

அன்று காலை பிளான்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மதுரைக்காரர், எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

"அந்த சகாயராஜ் திரும்ப வர்றேங்கிறான்யா. நீ சரின்னா இன்னைக்கே ஆர்டர் குடுத்துருவோம். என்ன சொல்ற?"

சகாயராஜ் என்னோடு இரண்டு வருஷம் கான்ட்ராக்டில் இருந்தவன். கான்ட்ராக்ட் முடிந்ததும் பெங்களூரில் வேலை கிடைத்து, தினமும் அத்திப்பள்ளி டிராஃபிக்கில் வெந்துகொண்டிருந்தான். அவனுக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதம். "நான் கிளம்புறப்பவும் தூங்குது சார், வர்றப்பவும் தூங்குது" என்று போனில் சொல்லியிருந்தான். என் ஒரு வார்த்தை போதும். நானோ பெரிய மனுஷன் தோரணையில், "சாயங்காலம் சொல்றேன் சார்" என்றேன்.

2. ஒரு y

அப்கிரேடுக்கு முன்னால் ஒரு சோதனை ஓட்ட வேண்டும். ஓட்டினேன். சிவப்பில் எழுதிக் காட்டியது: பேக்கேஜ் கான்ஃப்ளிக்ட். லைப்ரரி என்றால் மற்ற புரோகிராம்கள் நம்பி ஓடுகிற துணைப் பேக்கேஜ். சிஸ்டத்தின் சொந்த லைப்ரரி ஒன்று, யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து திணித்த பழைய லைப்ரரி ஒன்று. இரண்டும் ஒரே ஃபைலுக்குச் சண்டை போடுகின்றன. இது தீராமல் ஓர் அடி நகரமாட்டேன் என்றது சர்வர்.

"எவனோ ஒரு புத்திசாலி வேலை" என்று தனியாக இருந்த அறையில் சத்தமாகவே சொன்னேன்.

வெளியிலிருந்து வந்த லைப்ரரியை நீக்க ரிமூவ் கமாண்ட் கொடுத்தேன். இதோடு சேர்ந்து இவையெல்லாம் போகும், சரியா என்று ஒரு நீளப் பட்டியலைக் காட்டிக் கேட்டது. அதைப் படிக்கத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. நான் படிக்காமலே, 'சரி' என்பதற்கான y அழுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் முனிரத்தினம்மா வந்தார். டிஸ்பாட்ச் இன்சார்ஜ், ஊர் பேரிகை. வீட்டில் தெலுங்கு, லாரி டிரைவர்களிடம் கன்னடம், என்னைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ்.

"ஆயித்தா சார், முடிஞ்சுதா? பூஜைக்கு முன்ன ஒரு லேபிள் அடிச்சுப் பாத்துக்கறேன். லீவு முடிஞ்சதும் காலைல ஏழு மணி லாரி. பெட்டில லேபிள் இல்லாம போனா கார் கம்பெனி கேட்லயே திருப்பிடுவாங்க. தெரியுமில்ல?"

தெரியும். பிரிண்ட் கொடுத்தார். ஒன்றும் வரவில்லை. லேபிள் புரோகிராமே சர்வரில் இல்லை. நான் நீக்கிய லைப்ரரியை நம்பி ஓடியது அது; அந்த நீளப் பட்டியலில் அதுவும் இருந்திருக்கிறது.

செய்ததைத் திருப்புகிற கமாண்ட் உண்டு. அடித்தேன். அந்தப் பழைய பேக்கேஜ் எந்த இடத்திலும் கிடைக்கவில்லை என்று கையை விரித்தது. முனிரத்தினம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். மணி இரண்டரை. மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?"

"சகாயராஜ் போட்டு வெச்ச பேக்கேஜ் சார். கண்டதையும் உள்ள திணிச்சிருக்கான். அதனாலதான் லேபிள் போயிடுச்சு."

ஒரு நொடிகூட யோசிக்காமல் வந்தது அந்தப் பதில். என்னோடு இந்த சர்வரைத் தொட்ட இன்னொரு ஆள் அவன் ஒருவன்தானே.

"அவனையா திரும்பக் கூப்பிடப் பாத்தோம்? வேணாம், விட்டுரு" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார். அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

3. ஹிஸ்டரி

சகாயராஜுக்கே போன் போட்டேன். உதவி கேட்கத்தான் போட்டேன், ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது அதட்டல்.

"என்னப்பா, லேபிள் சர்வர்ல இப்படி ஒரு லைப்ரரிய போட்டு வெச்சிருக்க?"

அவன் கோபப்படவில்லை. வேலைக்கு விண்ணப்பம் போட்டவன் எப்படிக் கோபப்படுவான்?

"நான் போடலீங்க சார். ஹிஸ்டரி பாருங்களேன். யார் போட்டாங்க, என்னைக்குப் போட்டாங்கன்னு அதுலயே இருக்கும்."

பார்த்தேன். லாகின் பெயர்: devaraj. அது என் பெயர். கான்ஃப்ளிக்ட் வருகிறது என்று அன்றைக்கே எச்சரித்த சர்வரை, எதையும் பார்க்காதே, போடு என்று கட்டாயப்படுத்தியிருந்த கமாண்டும் அப்படியே இருந்தது. ஆறு வருஷம் முந்தைய தேதி.

"தேதி என்னா சார் போட்டிருக்கு?"

சொன்னேன்.

"நான் சேர்ந்ததே அதுக்கு மூணு மாசம் கழிச்சுதான் சார்" என்றான். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த லைப்ரரியைப் போட்ட ஃபோல்டரில் note.txt என்று ஒரு ஃபைல் இருந்தது. திறந்தேன். ஆங்கில எழுத்தில் என் தமிழ்: "லேபிளுக்காக டெம்ப்ரவரியா போட்டது. அடுத்த வாரம் ஒழுங்கா செய்யணும். – தேவராஜ்."

"சார், லைன்ல இருக்கீங்களா? ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் டி டிரைவ்ல ஒரு ஃபோல்டர் இருக்கும். நீங்க வெளில இருந்து போட்டதெல்லாம் ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கேன். உங்க பேர்லதான் ஃபோல்டர்."

"எதுக்குப்பா எடுத்து வெச்ச?"

"என்னைக்காவது தேவைப்படும்னு தோணுச்சுங்க சார்."

இருந்தது. மொத்தம் பதினான்கு பேக்கேஜ், பதினான்கும் என் கைவண்ணம். லைப்ரரியையும் லேபிள் புரோகிராமையும் திரும்பப் போட்டோம். மூன்று நாற்பதுக்கு முதல் லேபிள் வந்தது. முனிரத்தினம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இனிமே பூஜை முடியற வரைக்கும் இதுமேல கை வெக்காதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமா போகும்" என்றார். அப்கிரேடை அத்தோடு மூட்டை கட்டினேன்.

4. கற்பூரம்

நாலு மணிக்கு சர்வர் ரூமில் பூஜை. கேன்டீன் மாஸ்டர்தான் எங்களுக்குப் பூசாரி. மேனேஜர் கைகூப்பி நின்றார், பின்னால் பத்துப் பதினைந்து பேர். கற்பூரம் ஏற்றினார்கள். நான் மேனேஜர் காதருகே போனேன்.

"சார், அந்த பேக்கேஜ போட்டது நான்தான்."

"எந்த பேக்கேஜ்யா?" அவருக்கு மெதுவாகப் பேச வராது. எல்லாரும் திரும்பினார்கள்.

"லேபிள் போனதுக்குக் காரணம் நான். சகாயராஜ் சேர்றதுக்கு முன்னாடியே நான் போட்டது. அவன் மேல சொன்னது தப்பு சார். இன்னைக்கு லேபிள் வந்ததே அவனாலதான்."

"பூஜை நேரத்துல ஏன்யா இதெல்லாம்?"

"பூஜை முடிஞ்சா எனக்குத் தைரியம் இருக்காது சார்."

முனிரத்தினம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கேன்டீன் மாஸ்டர் தட்டை என்னிடம் நீட்டியபோது அவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் திருநீறு பூசிக்கொண்டு, "அவனைத் தீபாவளி முடிஞ்சு வரச் சொல்லு" என்றார்.

சகாயராஜ் வந்தான். பொங்கல் லீவில் அப்கிரேடை முடித்தோம். முதலில் சர்வருக்கு ஒரு நகல் எடுத்து, அதில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். பதினான்கு பேக்கேஜுக்கும் புதிய பதிப்புக்கு ஏற்றதைத் தேடிப் பிடித்துப் போட்டவன் அவன். பட்டியல் வரும்போதெல்லாம் முழுக்க சத்தமாகப் படித்த பிறகுதான் y அழுத்தலாம் என்பது அவன் போட்ட விதி. ஹெட்டாகிய நான் ஸ்கூல் பையன்போல நின்று படித்தேன். உங்களுக்குச் சொல்லவும் என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: படித்துவிட்டு y அழுத்துங்கள், ஹிஸ்டரியைப் பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.

அன்றைய தினத்தைப் பற்றி அவன் என்னிடம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. போன மாதம் ஏதோ தேடப்போய் அந்த note.txt கண்ணில் பட்டது. அதை அழிக்காமலே வைத்திருந்தான். அடுத்த வாரம் ஒழுங்கா செய்யணும் என்ற என் வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்ந்திருந்தது.

"செஞ்சாச்சு சார். – சகாயராஜ்."