செல்லம்மா அக்கா விசா கேட்ட கதை

போன வாரம் றொசல்ல ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த வெள்ளைக்காரப் பெண்ணின் முதுகுப் பையிலிருந்து மழையில் நனைந்த கான்வாஸ் வாசம் அடித்தது. எப்போது ஊருக்குத் திரும்புகிறாய் என்று என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன். இன்னும் யோசிக்கவில்லை என்று சிரித்தாள். என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

இதே வாசமடிக்கும் பையோடுதான் ஹன்னா எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தாள். ஆறேழு வருஷம் இருக்கும். படம் எடுக்க வந்தவள், கொழுந்து பறிக்கும் செல்லம்மா அக்காவின் லயக் காம்பிராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், மூன்று மாதம் தங்கிவிட்டாள். யாரும் அவளிடம் ஒரு காகிதம் கேட்கவில்லை. வீட்டிலிருந்த ஒரே நல்ல போர்வையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு முந்தின மாதம் உடப்புசல்லாவையிலிருந்து வேலை தேடி வந்த நம்மாளை, “யாருங்க நீங்க, யாரு வீட்டுக்கு?” என்று வழிமறித்தவனும் நானேதான்.

ஊருக்குப் போன ஹன்னா, தன் கல்யாணத்துக்கு அக்கா வந்தே ஆகவேண்டும் என்று அழைப்புக் கடிதம் அனுப்பினாள். அக்காவுக்கு அதுவரை கண்டியே தூரம். அவள் கண்ணில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது ஹட்டனில் ஒரு போட்டோகொப்பி கடையில் வேலை. பழைய பேப்பர் படித்து இங்கிலீஷ் கற்றவன் என்ற துணிச்சலில் விசா ஃபாரத்தை நிரப்பினேன். திரும்பி வருவாய் என்பதற்கு என்ன ஆதாரம், வீட்டு உறுதிப் பத்திரம் உண்டா என்று கேட்டிருந்தது. லயம் தோட்டத்துடையது, உறுதிக்கு எங்கே போவது?

“கேட்டதுக்கு உண்மையச் சொல்லுங்கக்கா, போதும்” என்றேன். பெரிய வக்கீல் நான்.

பெரட்டில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், ஆட்கள் சீண்டினார்கள். “வெள்ளக்காரன் வழிதவறி வந்தா சுற்றுலா. நாம வழிதவறிப் போனா களவு. பாத்துப் போ செல்லம்மா.”

கடல் தாண்டிய பயணம் என்றால் எங்கள் லயத்துக்கு ஒன்றுதான் தெரியும். அந்தக் காலத்தில் இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டு, குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பினார்களே, அது. போகிறவர்கள் சட்டி பானை, கோழி எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அதுதான் மரியாதை. அக்காவும் இரண்டு வாரப் பயணத்துக்கு அப்படியே செய்தாள்.

கொழும்பில் தூதரகக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி, நீங்கள் போனால் வீடு வாசலை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாராம். “அந்தக் கவலையே இல்லீங்க. எல்லாத்தையும் குடுத்துட்டேன், ஒண்ணும் மிச்சம் வைக்கலன்னு சொன்னேன் தம்பி” என்றாள் அக்கா, திரும்பி வரும் பஸ்ஸில், பெருமையாக.

தபாலில் ஒரே பக்கம் வந்தது. திரும்பி வருவார் என்று நம்ப இடமில்லையாம்.

அன்று சாயங்காலமே சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பக்கத்துக் காம்பிரா மேரி கோழியை இறக்கிவிட்டு, “ரெண்டு முட்ட போட்டுச்சுக்கா, அதையும் கொண்டாந்துட்டேன்” என்றாள். மற்றவர்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். ஹன்னாவின் கல்யாண நாளில் அக்கா அதற்கென்று வாங்கிய புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். “வேற எங்க தம்பி கட்டுறது?”

இப்போது எங்கள் பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்ட ஊரைத் தேடுவதில்லை. எந்த நாடு கேள்வி கேட்காமல் விடும் என்று ஃபோனில் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஆசைப்படுகிறார்கள். போகிறவர்கள் எதையும் யாருக்கும் கொடுப்பதில்லை. வீடு வீடாக வந்து பயணம் சொல்வதுமில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு, கடைக்குப் போவதுபோல இறங்கிப் போகிறார்கள். லயத்துக்கு விஷயம் தெரியும்போது அவர்கள் விமானம் ஏறி நாளாகியிருக்கும்.