ஒரு லிட்டரை எதில் அளப்பது?

“நாலு வருசமா ஊசி போட்டுக்கினுதான கீற... இன்னும் இன்னாத்தடி படிக்கப் போற?”

இரண்டு வருடம் முன்பு, டிப்ளமோ நர்சுகளுக்கான இரண்டு வருட பி.எஸ்ஸி. நர்சிங்கில் இடம் கிடைத்த அன்று என் சித்தப்பா கேட்டது. எங்களுடையது கரும்பு போடுகிற குடும்பம். அதில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து வேலையும் பார்த்தாயிற்று. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. கல்லூரிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கடைசி வருடம் கிராமப் பயிற்சி. ஆளுக்கு ஐந்து குடும்பம். எனக்குப் பாகூர் பக்கம் - என் பேச்சையே பேசுகிற ஊர். இங்கே எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? அந்தத் திமிரோடுதான் போனேன்.

மூன்றாவது வீட்டில் லட்சுமி. கழனி வேலைக்குப் போகிறவள். அவளுடைய ஒரு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. உப்புச் சர்க்கரை பாக்கெட்டைக் கொடுத்து, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் கலந்து புகட்டச் சொன்னேன். தலையாட்டினாள். ‘தாய் புரிந்துகொண்டார்’ என்று நோட்டில் எழுதினேன்.

மறுநாள் காலை குழந்தைக்குக் கண் உள்ளே போயிருந்தது. நாக்கு வறண்டிருந்தது.

“நீ குடுத்த மருந்து ஒத்துக்கல நர்சம்மா. வாயில வுட்டா துப்புது” என்றாள்.

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கண்ணீரை விட உப்புக் கரிக்கக் கூடாது என்பது பாடம். இதை வாயில் வைக்க முடியவில்லை.

எதில் கலந்தாள்? பிராந்தி பாட்டிலில். நம் ஊரில் மண்ணெண்ணெய், நல்லெண்ணெய், மோர் எல்லாம் அதில்தானே?

“ஃபுல்லு பாட்டில்னா லிட்டர்தான?”

முக்கால் லிட்டர். குலுக்கினால் வழியும் என்று கழுத்துக்குக் கீழேயே நிறுத்தியும் இருந்தாள். அவள் தப்பு என்று எழுதிவிடலாம்தான். ஆனால் வீட்டில் என்ன பாத்திரம் இருக்கிறது என்று நான் கேட்டேனா? உங்களில் எத்தனை பேர் வீட்டில் லிட்டர் அளவு இருக்கிறது, சொல்லுங்கள்?

கீழே கொட்டிவிட்டு, ஒரு பாட்டிலும் மூன்றில் ஒரு பங்கும் தண்ணீர் அளந்து புதிதாகக் கலந்தேன். மதியத்துக்குள் தெளியாவிட்டால் பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது என்று லட்சுமியிடம் சொன்னேன். என் மடியில் குழந்தை. ஸ்பூன் ஸ்பூனாக... முதல் நாலைத் துப்பியது. ஐந்தாவது இறங்கியது.

பதினொரு மணிக்கு என் வெள்ளைப் புடவை நனைந்தது. லட்சுமி பதறி, “ஐய, உம்மேல ஒண்ணுக்கு வுட்டுச்சி” என்று குழந்தையை இழுத்தாள். விடு, அதற்காகத்தான் காத்திருந்தேன் என்றேன்.

“அப்ப... பொயச்சிக்குமா?”

பிழைத்தது.

பிராந்தி பாட்டிலை ரிப்போர்ட்டில் எழுதாதே, பார்க்க நன்றாக இருக்காது என்றார் எங்கள் டியூட்டர். எழுதினேன். என் தப்பையும் சேர்த்து.

போன வாரம் எம்.எஸ்ஸி. விண்ணப்பம் நிரப்பினேன். என்ன ஆராய்ச்சி செய்ய விருப்பம் என்று அதில் ஒரு கட்டம். ‘கிராமத்து வீடுகளில் லிட்டரை எதில் அளக்கிறார்கள்’ என்று எழுதினேன்.

பதிவுத் தபால் ரசீது கைப்பையில் இருக்கிறது.