அலிஃபில் தொடங்கும் ஆஸியா

பிறந்த ஆறாம் நாள் என் மகள் பால் குடிக்கவில்லை. அதற்கு முந்தின நாளும் இல்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழக்கூடக் குரல் இல்லை. ஆரியசாலைக் கடைத்தெருவில், எங்கள் மிளகாய் மண்டிக்குப் பின்னால் இருந்த வீட்டில் அன்று ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பெயர் வைக்க வேண்டும். வயிற்றில் இருக்கும்போதே நான் ஆஸியா என்று நினைத்துவிட்டேன். ஆற்றில் மிதந்து வந்த மூஸா நபியை எடுத்து வளர்த்தார்களே, கொடுங்கோல் மன்னன் பிர்அவ்னின் மனைவி, அவர்களுடைய பெயர்.

மாமியாரின் தம்பி திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். அரபியில் மார்க்கக் கிதாபு ஓதினவர். கதவுக்கு வெளியே நின்று சொன்னார்: "ஆஸியான்னா சொல்லுக்கு மாறு செய்றவள்னு அர்த்தம். நம்ம நபியே ஒரு பொண்ணுக்கு அந்தப் பேர மாத்தியிருக்காங்க."

"பின்னே! அதான் பாலுக்கே மாறு செய்யுது," என்றார் என் மாமியார். "பேர விடு மோளே. புள்ள பொழைக்கட்டும்."

நெஞ்சு உடைந்துவிட்டது. பேறுகாலம் முடியும்வரை பெண்ணுக்குத் தொழுகை இல்லை. படுத்தபடியே இறைவனிடம் கேட்டேன். "ரப்பே, மூஸா நபியும் யார் பாலும் குடிக்காமல் கிடந்தார்களே. அவர்களைத் தாயிடம் சேர்த்தவன் நீதானே. என் பிள்ளைக்கும் வழி காட்டு. பெயர் தப்பென்றால் அதையும் காட்டு."

எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் குர்ஆன் ஓதுவதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை, இன்றும் இல்லை. கேட்டு முடித்ததும் மனதில் ஒன்று தோன்றியது.

"மாமா, நீங்க சொல்ற ஆஸியாவுக்கு அரபியில முதல் எழுத்து அலிஃபா, ஐனா?"

வெளியே மாமா எழுத்துக் கூட்டி முணுமுணுத்தார். பிறகு, "ஐனுதான். அப்புறம் ஸாது."

"என் மகளுக்கு அலிஃபும் ஸீனும்."

"அட! அது வேறல்லா புள்ளே! அது நொந்தவங்களுக்கு மருந்து போடுறவ, தேத்துறவ. தமிழ்ல ரெண்டும் ஒண்ணாட்டு கேக்குது."

"இத்தன வருசம் ஓதி அலிஃப விட்டுட்டியேடா, தாடிக்காரா!" என்று மாமி வெடித்துச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அந்தச் சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு வாய் திறந்து அழுதாள். அணைத்தேன். பிடித்துக்கொண்டாள். மடக்கு மடக்கென்று குடித்தாள். சிரித்த வாயோடு அழுதேன்.

என் ஆஸியா இப்போது விழிஞ்ஞத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு உம்மா. அன்று முதல், ஓதும் சொல்லுக்கு அர்த்தம் கேட்காமல் நான் அடுத்த சொல்லுக்குப் போவதில்லை.

சகோதரிகளே, அரபி தெரியாதே, தொழ முடியாத நேரமாயிற்றே என்று வாய் மூடிக் கிடக்காதீர்கள். கிடந்த இடத்திலிருந்தே கேளுங்கள். என் ரப்புக்குத் தமிழ் நன்றாகப் புரியும்.